பொன்மீனுக்கேற்ற துணை

கண்ணாடித் தொட்டியில் பொன்மீன் வளர்ப்போர், சுவரிற் பாசி படரக்கண்டு, அதனைத் தின்னும் மீனொன்றைத் தேடுவது வழக்கம். அங்ஙனம் தேடுவோர் துணையென்றெண்ணிப் பகையை வாங்கிவருதலும் உண்டு. ஆதலின் உஷ்ணம், சுபாவம், பருமன் என்னும் மூன்றையும் முன்னரே ஆராய்தல் வேண்டும்.

சீனதேசத்தில் ஏறக்குறைய 1000 ஆண்டுகளாக வளர்க்கப்பட்டுவரும் பொன்மீனினின்று தோன்றிய ஒராண்டா, ரான்ச்சு முதலிய அலங்கார வகைகள் உருண்ட உடலுடையன, மந்தமாக நீந்துவன. 18 முதல் 22 டிகிரி சென்டிகிரேட் வரையுள்ள தண்ணீரே அவற்றிற்கு உகந்தது.

தென்னமெரிக்கப் பிளெக்கோ மீனோ 24 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தை விரும்புவது. 30 சென்டிமீட்டருக்கு மேலும் வளர்வது. பசித்தகாலத்தில் அது பொன்மீனைப் பற்றி, அதன் மேனியிலுள்ள வழுவழுப்பை உறிஞ்சிப் புண்படுத்தும். தாய்லாந்து முதலிய நாடுகளில் வாழ்ந்தும் சீனப்பெயர் பூண்ட "சீனப் பாசிதின்னி"யும், வளர்ந்தபின் அவ்வாறே செய்யும். 4 சென்டிமீட்டரளவான ஓட்டோசிங்கிளஸ் சாதுவானது. ஆயினும் பொன்மீன் அதனை விழுங்க முயலின், அதன் முள் தொண்டையிற் சிக்கி இரண்டும் மடியக்கூடும். மலையோடைகளிற் பாறையைப் பற்றி வாழும் மீன்கள் குளிரைத் தாங்கும். அவை வேண்டும் வேகமான நீரோட்டத்தைப் பொன்மீன் தாங்காது.

எனவே நெரைட் நத்தையே நற்றுணையாம். அதன் ஓடு வலியது. 20 டிகிரிக்குச் சற்று மேற்பட்ட நீரிலும் அது நன்கு வாழும். அதன் குஞ்சுகள் நன்னீரில் வளராவாதலின், தொட்டியிற் பெருகுவதுமில்லை.

எனினும் நத்தை விளைவையன்றி மூலத்தைக் களையாது. மிகுந்த வெளிச்சமும் மீன்களின் கழிவுமே பாசியை வளர்ப்பன. வெளிச்சத்தைக் குறைத்து, வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றுவோனுடைய கையே பொன்மீனுக்கு முதற்றுணை என்றறிக.