சர்வர் பார்க்க வந்திருக்கும் மருமகளுக்கு

1. கண்ணு, முதலில் கூட்டிக் கழித்துப் பார்க்கப் பழகு. இரண்டு சர்வர், ஒவ்வொன்றிலும் 60 சதவீதம் சுமை. ஒன்று படுத்தால் மற்றதன் தலையில் 120, அதுவும் படுத்துவிடும். இரண்டு வைத்தால் ஒவ்வொன்றும் பாதிக்குக் கீழே ஓடட்டும், மூன்று வைத்தால் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே. சராசரியை நம்பாதே, தேர்வு முடிவு வெளியாகும் காலைநேரச் சுமையை வைத்துக் கணக்குப் போடு. "பாதி சும்மாதானே கிடக்கிறது?" என்று மேலாளர் கேட்பார். கோபப்படாமல் இந்தக் கணக்கையே அவருக்கும் போட்டுக் காட்டு.

2. 99.99 சதவீதம் என்று வாக்குக் கொடுத்தால் வருஷத்துக்கு ஒரு மணி நேரம்கூட நிற்க முடியாது. ஒப்பந்தத்தில் ஒன்பது போடுபவர் ஒருவர், ராத்திரி கண்விழிப்பவள் நீ. ஆகாததை ஆகும் என்று சொல்லி நல்ல பேர் வாங்காதே.

3. காகிதத்தில் இரண்டாக இருப்பது மண்ணுக்கடியில் ஒன்றாக இருக்கும். நான் இருந்த ஓர் இடத்தில் இரண்டு கம்பெனிகளின் ஃபைபர் வாங்கியிருந்தோம். இரண்டும் தெருமுனைவரை ஒரே பள்ளத்தில் வந்திருக்கின்றன. குடிநீர்க் குழாய்க்குத் தோண்ட வந்த ஜேசிபி ஒரே வாரில் இரண்டையும் அறுத்துப் போட்டது. அதனால் கேபிள் வரும் வழியை நடந்து பார். ரேக்குக்குப் பின்னால் குனிந்து, சர்வரின் இரண்டு பவர் கார்டும் ஒரே யூபிஎஸ்ஸுக்குப் போகின்றனவா என்று விரலால் தடவிப் பார். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஹெச் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்த சிலருக்கு இரண்டும் சேர்ந்தே போயின.

4. பேக்கப் எடுத்தேன் என்று சொல்லாதே, மீட்டுப் பார்த்தேன் என்று சொல். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற கம்பெனியில் ஒரு பொறியாளர் சர்வர் மாறி, ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸையே அழித்துவிட்டார். தினசரி பேக்கப் தோற்றுக்கொண்டிருந்தது; அதைச் சொல்லும் மின்னஞ்சல்கள் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக எடுத்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. இதையெல்லாம் அவர்களே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள். அந்தத் துணிச்சலையும் கற்றுக்கொள்.

5. ஒரு வேலைநாள் பகலில், எல்லாரிடமும் சொல்லிவிட்டு, மற்றது தாங்குகிறதா என்று ஒரு சர்வரை நீயே நிறுத்திப் பார். முதல் தடவை கை நடுங்கும். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக்கொள். திரும்ப ஏற்றும் கட்டளையை முன்கூட்டியே தாளில் எழுதி வை.