குறுக்கு வலியும் கூனும்

முன்னுரை

மணமேல்குடிக்கு ஒரு பழம்பெருமை உண்டு. அறுபத்து மூன்று நாயன்மார்களுள் ஒருவராகிய குலச்சிறையார் தோன்றிய ஊர் இது. அவர் அமைச்சராக இருந்து பணிபுரிந்த பாண்டிய மன்னனைக் 'கூன் பாண்டியன்' என்றே மக்கள் இன்றும் சொல்கின்றனர். மன்னனுக்குக் கூன் இருந்தது. வெப்பு நோயும் வந்தது. இரண்டும் நீங்கிய பின் அவன் 'நின்றசீர் நெடுமாறன்' ஆனான் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. ஏழாம் நூற்றாண்டு மன்னனுக்கு இன்று நோய்ப்பெயர் சூட்டுவது என் நோக்கமன்று. ஆனால் முதுகு வலி, காய்ச்சல், கூன் ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்து வந்தால் மருத்துவர்கள் உடனே விழிப்படைகின்றனர். ஏன் அப்படி? விலங்கியல் மாணவனாகிய நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை எம் ஊர்ப் பின்னணியில் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

வலி வேறு, நோய் வேறு

வலை இழுப்பவர், நாற்று நடுபவர், மீன்கூடை சுமப்பவர், இறால் பண்ணையில் தீவன மூட்டை தூக்குபவர் என எங்கள் கடற்கரையில் உழைக்கும் மக்களில் 'குறுக்குப் பிடித்துக்கொண்டது' என்று சொல்லாதவர் அரியர். இது எம் ஊருக்கு மட்டும் உரிய துன்பமும் அன்று. 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 61.9 கோடி மக்கள் இடுப்பு வலியால் அவதியுற்றனர் என்று கணக்கிட்டுள்ளனர்.

ஆனால் இடுப்பு வலி என்பது ஒரு நோயின் பெயரன்று. அஃது ஓர் அறிகுறி. தலைவலி என்றால் கண் கோளாறும் இருக்கலாம், சளியும் இருக்கலாம் அல்லவா? முதுகு வலியும் அத்தகையதே. நூற்றில் மிகப் பெரும்பாலோருக்கு இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று சுட்டிக் காட்டத்தக்க காரணம் எதுவும் கிடைப்பதில்லை. தசையும் தசைநாரும் மூட்டும் களைத்துப் பிடித்துக்கொள்கின்றன. சில வாரங்களில் தாமே தளர்கின்றன. மிகச் சிலருக்கே அதன் பின்னால் பெரிய நோய் ஒளிந்திருக்கிறது. அந்தப் பெரும்பாலோரை வீணே அச்சுறுத்தாமலும், இந்தச் சிலரைத் தவறவிடாமலும் பிரித்தறிவதே முதுகு வலி மருத்துவத்தின் முதற்பணி.

இடைத்தட்டும் படமும்

நம் முதுகெலும்பில் அசையக்கூடிய எலும்புகள் 24. அவற்றின் உடல்களுக்கிடையே மெத்தை போல இடைத்தட்டுகள் உள்ளன. மக்கள் 'டிஸ்க்' என்பது இதைத்தான். இந்தத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலுக்கு வலி இறங்குகிறது என்பதை 1934இல் அமெரிக்க மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் எடுத்துக்காட்டினர்.

வளர்ந்த மனிதரின் இடைத்தட்டின் நடுப்பகுதிக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. எலும்பின் ஓரத்திலுள்ள மெல்லிய முனைத்தகடு வழியாகக் கசிந்து வரும் சத்தே அதற்கு உணவு. இதை உயிருள்ள மனிதரிடத்தில் தொடர் எம்.ஆர்.ஐ. படங்கள் மூலம் ஆராய்ந்தவர்கள் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். இராஜசேகரனும் அவர் குழுவினரும் ஆவர். 2004இல் வெளிவந்த அவ்வாய்வு பன்னாட்டுப் பரிசு பெற்றது. 2013இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் 181 நோயாளிகளைச் சோதித்து, தட்டு பிதுங்கியவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் பழுதடைவது தட்டின் நார்வளையம் அன்று, அது முனைத்தகட்டோடு இணையும் இடமே என்று காட்டினர். தமிழ்நாட்டில் செய்த ஆய்வு உலகப் பாடநூல்களின் கருத்தைத் திருத்தியது நமக்குப் பெருமையன்றோ!

எனினும் படத்தை மட்டும் நம்பி நோயை முடிவு செய்யலாகாது. முதுகு வலியே இல்லாத 98 பேரை அமெரிக்காவில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தனர். 1994இல் வெளியான முடிவின்படி அவர்களில் பாதிப்பேருக்கு மேல் ஒரு தட்டாவது புடைத்திருந்தது! எல்லாத் தட்டுகளும் சரியாக இருந்தவர் நூற்றுக்கு 36 பேரே. ஆகவே 'தட்டு விலகியிருக்கிறது' என்று படத்தில் கண்டதும் கலங்க வேண்டியதில்லை. தலை நரைப்பது போல் தட்டும் நரைக்கிறது என்று கொள்ளலாம். நோயாளி சொல்வதும், மருத்துவர் தொட்டுப் பார்த்து அறிவதும், படம் காட்டுவதும் மூன்றும் ஒத்துப் போக வேண்டும்.

படுக்கையா, நடையா?

இடுப்புப் பிடித்தால் பலகையில் அசையாமல் படுக்க வேண்டும் என்பது நெடுங்கால வழக்கம். ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடையே நடந்து 1995இல் வெளிவந்த ஆய்வு இதைச் சோதித்தது. புதிதாக வலி கண்டவர்களில் ஒரு பிரிவினர் இரண்டு நாள் படுத்தனர். ஒரு பிரிவினர் முதுகுப் பயிற்சி செய்தனர். மூன்றாம் பிரிவினர் வலி பொறுக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்தனர். விரைவில் குணமடைந்தவர் மூன்றாம் பிரிவினரே. ஆதலால் பெரிய நோய் இல்லை என்று தெரிந்தபின் நடமாட்டமே மருந்து. நீண்ட படுக்கை தசையை மெலிவித்து வலியை வளர்க்கும்.

தவறவிடக் கூடாதது

இனி அந்தச் 'சிலர்' யார் என்று பார்ப்போம். புற்றுநோய், எலும்பு முறிவு, இளைஞர்களுக்கு விடியற்காலையில் முதுகு விறைத்து நடக்க நடக்கத் தளரும் வாத நோய் எனப் பல உண்டு. நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது முதுகெலும்புக் காசநோய். இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779இல் இதன் கூனையும் கால் தளர்ச்சியையும் விவரித்ததால் இது 'பாட் நோய்' எனப் பெயர் பெற்றது. இதற்குக் காரணமான கிருமியை இராபர்ட் காக் 1882இல் அறிவித்தார்.

நுரையீரல் போன்ற இடங்களிலிருந்து இரத்தத்தின் வழியே கிருமி முதுகெலும்பை அடைகிறது. எலும்பின் முன்பகுதியை மெல்ல அரிக்கிறது. முன்பகுதி நொறுங்கும்போது முதுகு முன்னோக்கி மடிந்து பின்னே புடைக்கிறது, அதுவே கூன். சீழோ நொறுங்கிய எலும்போ தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் விழுந்துவிடும். இவ்வளவும் மாதக்கணக்கில், ஓசையின்றி நடக்கும். எலும்பின் சுண்ணாம்புச் சத்து பெருமளவு குறைந்த பின்னரே எக்ஸ்ரேயில் அரிப்புத் தெரியும் என்பதால், தொடக்கத்தில் எடுத்த படம் 'நன்றாக இருக்கிறது' என்று காட்டிவிடவும் கூடும்.

என் தாய்மாமனுக்கு நேர்ந்தது இதுவே. விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். முதுகு வலித்தபோது எல்லோரும் 'சுளுக்கு' என்றே சொன்னோம். கால் முன்னே வந்து பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விலகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மூன்று முறை மிதித்தார்கள். அரித்துப்போன எலும்பின் மேல் மிதித்தால் என்ன ஆகும் என்று இன்று நினைத்தாலும் நெஞ்சு நடுங்குகிறது. நான்காம் மாதம் மாலைதோறும் காய்ச்சல். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. இரவில் புரண்டு படுக்க முடியவில்லை. ஒருநாள் படியேறும்போது கால் பின்னிற்று. அதன் பிறகே எம்.ஆர்.ஐ. எடுத்து, ஊசி வழியாகத் திசு எடுத்துச் சோதித்து, காசநோய் என்று உறுதி செய்தனர்.

நோயின் பெயரைக் கேட்டதும் வீட்டில் வேறோர் அச்சம் புகுந்தது. "வெளிய சொல்லிப்புடாத தம்பி, நாளைக்குப் பொம்பளப் புள்ளைக்கு மாப்புள பாக்க வேணாமா?" என்று அம்மா தன் தம்பியிடம் கெஞ்சினார். நுரையீரலில் நோய் இல்லாமல் எலும்பில் மட்டும் இருந்தால் அது மூச்சு வழியே பிறருக்குப் பரவாது. மாமாவுக்குச் சளியும் மார்புப் படமும் தெளிவாகவே இருந்தன. மருத்துவமனைச் செவிலியர் இதைப் பொறுமையாக விளக்கிய பின்னரே அம்மாவின் அழுகை நின்றது.

சென்னை தந்த சான்று

முன்னாளில் இந்நோயாளிகளைச் சாந்துக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் படுக்க வைத்தனர். 1956இல் ஹாங்காங்கில் ஹாட்ஜ்சனும் ஸ்டாக்கும் மார்பு வழியாகச் சென்று நோயுற்ற எலும்பை அகற்றி மாற்றெலும்பு பொருத்தும் பெரிய அறுவை முறையை வெளியிட்டனர். அந்த வசதி ஏழை நாடுகளில் எத்தனை பேருக்குக் கிட்டும்?

தென்கொரியாவின் மாசன், புசான் நகரங்களில் நடந்த ஆய்வுகளின் முடிவு 1973இல் வந்தது. சரியான மருந்து கொடுத்தால், மருத்துவமனைப் படுக்கையோ சாந்துச் சட்டையோ கூடுதல் நன்மை தரவில்லை என்று அவை காட்டின. அடுத்த பெரிய கேள்விக்கு விடை தேடியது நம் சென்னை. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையம் (இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்), நுரையீரல் நோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று 1959இலேயே உலகுக்கு உணர்த்தியது. முதுகெலும்பு நோயாளிகளை அது மூன்று பிரிவாக்கியது. முதற்பிரிவுக்குப் பெரிய அறுவையும் ஆறு மாத மருந்தும்; இரண்டாம் பிரிவுக்கு நடமாடியபடியே ஆறு மாத மருந்து மட்டும்; மூன்றாம் பிரிவுக்கு ஒன்பது மாத மருந்து மட்டும். பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 1999இல் முடிவை வெளியிட்டனர். நல்ல நிலையில் இருந்தவர்கள் முறையே நூற்றுக்கு 90, 94, 99 பேர்! கத்தி படாதவர்கள் சற்றும் பின்தங்கவில்லை.

ஒரு விலக்கையும் அவ்வாய்வு மறைக்கவில்லை. 15 வயதுக்குட்பட்டு, தொடக்கத்திலேயே கூன் 30 பாகைக்கு மேல் இருந்த பிள்ளைகளுக்கு மருந்தால் நோய் ஆறியும் கூன் கூடியது. எந்தப் பிள்ளைக்குக் கூன் வளரும் என்பதை எக்ஸ்ரேயில் காணும் நான்கு அடையாளங்களால் முன்னறியலாம் என்று டாக்டர் இராஜசேகரன் 2001இல் எழுதினார். அத்தகைய பிள்ளைகளுக்கும், தண்டுவடம் அழுந்திக் கால் விழுந்தவர்களுக்கும் அறுவை தேவைப்படலாம். ஆகவே கத்தி கெட்டதுமன்று, எல்லோர்க்கும் உரியதுமன்று.

நாம் செய்ய வேண்டியவை

இடுப்பு வலி வந்தால் முதலில் அஞ்ச வேண்டாம், நடமாடுங்கள். ஆனால் பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்: ஆறு வாரத்துக்கு மேல் குறையாத வலி, ஓய்விலும் இரவிலும் மிகும் வலி, மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, முதுகெலும்பில் ஓரிடத்தில் தட்டினால் வலி அல்லது புடைப்பு, வீட்டில் யாருக்கேனும் காசநோய் இருந்தமை. கால் மரத்தல், கால் தளர்தல், சிறுநீர் மலம் கட்டுப்படாமை ஆகியவற்றுக்கு ஒருநாள் கூடக் காத்திருக்கலாகாது. காரணம் தெரியும்வரை மிதிக்கவும் உருவவும் முதுகைக் கொடுக்காதீர்கள்.

காசநோய் மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். சத்துணவுக்காக நோயாளிக்கு மாதம் 1000 ரூபாயும் 2024 நவம்பர் முதல் வழங்கப்படுகிறது. முதுகெலும்புக்கு நம் நாட்டு மருத்துவ நெறிமுறை பொதுவாக ஓராண்டு மருந்து சொல்கிறது. வலி நின்றதும் மாத்திரையை நிறுத்துவதே பெருந்தீங்கு. கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடும்.

முடிவுரை

மாமா ஓராண்டு முழுதும் மாத்திரை விழுங்கினார். இப்போது கரையில் அமர்ந்து வலை பின்னுகிறார், நிமிர்ந்தே நடக்கிறார். கடலுக்குத் திரும்பவில்லை. நான்கு மாதம் முந்தியிருந்தால் திரும்பியிருப்பார் என்பது என் எண்ணம். மாணவ நண்பர்களே! நம் வீடுகளில் எத்தனையோ பேர் 'குறுக்கு வலிதானே' என்று பல்லைக் கடித்துக்கொண்டு உழைக்கின்றனர். இன்று மாலை வீட்டிற்குச் சென்றதும் அவர்களிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: வலி எத்தனை நாளாக? மாலையில் காய்ச்சல் உண்டா? கல்லூரியில் நாம் கற்கும் உயிரியல் முதலில் பயன்பட வேண்டிய இடம் நம் வீட்டுத் திண்ணையே.