பத்தாவதோடு நிறுத்தலாமா?

அன்புத் தங்கைக்கு,

பத்தாவதோடு உன் படிப்பை நிறுத்திவிடலாமா என்று வீட்டில் பேசுவதாக எழுதியிருந்தாய். உங்கள் ரங்கத் பக்கத்திலேயே பிறந்த சாந்தி தெரசா லக்ராவைப் பற்றி அப்பா அம்மாவிடம் சொல்.

சாந்தி ஒராவோன் பழங்குடிப் பெண். ராஞ்சிப் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வந்து அந்தமானிலேயே தங்கிவிட்டவர்களின் சமூகம் அது. ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர் பயிற்சியை முடித்த சாந்திக்கு, லிட்டில் அந்தமானின் டுகாங் கிரீக்கில் வேலை கிடைத்தது. அங்கே வாழ்பவர்கள் ஓங்கே பழங்குடியினர். மொத்தமே நூறு பேரளவுதான். வெளியாட்களோடு எளிதில் ஒட்டாத அந்த மக்களுக்குப் பிரசவம் பார்த்தார், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார். 2004 டிசம்பர் 26 சுனாமியில் குடியிருப்பு அழிந்து, ஓங்கேக்கள் மேட்டுக் காட்டுக்குள் போனபோதும் அவர்களை விட்டு விலகவில்லை. 2011-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

அதே 2011-இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அந்தமான் நிக்கோபாரில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் 82.43 சதவீதம். நாடு முழுவதற்குமான அளவு 64.6தான். ஆக, பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பத் தீவுக்காரர்கள் தயங்குவதில்லை. தயக்கம் வருவது ஊர்ப் பள்ளி முடிந்த பிறகு.

அதற்குக் காரணம் வழிதான். ரங்கத்திலிருந்து தீவுகளின் தலைநகருக்குப் போகும் பேருந்து பாராடாங்கில் வாகனப் படகில் ஏறிக் கடலைக் கடக்க வேண்டும். அப்புறம் ஜாரவா பழங்குடியினரின் காட்டு வழி. அங்கே தனியாக எந்த வண்டியும் போக முடியாது, குறித்த நேரத்தில் வண்டிகள் கூட்டாகப் புறப்படும் கான்வாயில்தான் போகலாம். ஒரு கான்வாய் தவறினால் அடுத்ததற்குக் காத்துக் கிடக்க வேண்டும். பதினாறு வயதுப் பெண்ணை அப்படி அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் பதறும். அதைப் பிற்போக்கு என்று ஒதுக்கிவிடுவது நியாயமில்லை.

மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி இருப்பதால், உங்கள் பக்கத்துப் பெண்கள் இன்று பாராடாங்கைத் தாண்டாமலே பட்டம் வாங்கலாம். தொழிற்பயிற்சிகளுக்கு மட்டும் பெரும்பாலும் தலைநகருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

வீட்டாரின் பயம் வழியைப் பற்றியது என்பதால், "படிக்க வையுங்கள்" என்று அழுது பயனில்லை. ஹாஸ்டலில் இடம் உண்டா, வார்டன் யார், மாதம் எவ்வளவு ஆகும், உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், விடுமுறையில் துணைக்கு வரும் ஊர்க்காரர் யார் என்று ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடு. பள்ளி ஆசிரியையிடம் கேட்டாலே பாதி விவரம் கிடைத்துவிடும். வெளியூரில் தங்கிப் படிக்கும் பெண் உங்கள் கிராமத்தில் இருந்தால், அவள் அம்மாவை ஒரு மாலை வீட்டுக்கு அழைத்து வந்து உன் அம்மாவோடு பேசவிடு.

அன்புடன்,
அக்கா