பூட்டில்லாத பொருளும் அமானிதமே

நம் பிள்ளைகள் கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் பிரதியெடுத்து ஒருவருக்கொருவர் கொடுத்துக் கொள்வது சர்வசாதாரணமாகிவிட்டது. கேட்டால், "பூட்டே இல்லையே, எடுத்தால் என்ன?" என்கிறார்கள்.

பூட்டுப் போட்டவர்களின் கதையும் நல்ல கதையல்ல. 2008-இல் வெளிவந்த 'ஸ்போர்' விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கியவர்கூட முதலில் 3 கம்ப்யூட்டர்களில்தான் இயக்க முடிந்தது. 'சேஃப்டிஸ்க்' பூட்டுள்ள பழைய டிஸ்குகளோ 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் ஓடவே மறுத்தன. பூட்டை உடைத்தவன் விளையாடினான், தண்டனை வாங்கியவருக்கு! இதை நாம் மறுக்கவில்லை.

அதே 2008-இல் போலந்து நாட்டில் தொடங்கிய ஜி.ஓ.ஜி. என்னும் விற்பனைத்தளம் பூட்டில்லாமலே விற்க முன்வந்தது. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் எத்தனையிலும் பதித்துக் கொள்ளுங்கள், நண்பர்களுக்கு மட்டும் கொடுக்காதீர்கள் என்று வாங்குவோரைக் கேட்டுக்கொண்டது. ஆகவே அண்ணன் வாங்கியதைத் தங்கை விளையாடுவதில் தடையில்லை. அது பென்டிரைவில் அடுத்த வீட்டுக்குப் போகும்போதுதான் மஸ்அலா எழுகிறது.

நூல், கண்டுபிடிப்பு போன்றவற்றின் உரிமை ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டது, அதை மீறலாகாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988-இல் குவைத்தில் கூடித் தீர்மானித்தது. பூட்டு இல்லாததால் உரியவரின் ஹக் போய்விடுவதில்லை. நம்பி விடப்பட்டதால் பொறுப்பு நம் கைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த வீட்டுப் பையன் நம் வீட்டுக்கு வந்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து விளையாடிவிட்டுப் போகட்டும். பிரதி கேட்டால், அதை வாங்கும் இடத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுப்போம்.