சாய்ந்த பாதையும் சீறும் காரும்



விழுப்புரம் சந்திப்பிலிருந்து சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசைகளில் ரயில் பாதைகள் பிரிகின்றன. இவற்றில் ஏதாவது ஒன்றில் பயணம் செய்தபோது, வளைவு வரும் இடத்தில் தண்டவாளத்தைக் கவனித்திருக்கிறீர்களா? வளைவின் வெளிப்பக்கத் தண்டவாளம் உள்பக்கத் தண்டவாளத்தைவிடச் சற்று உயரமாக அமைந்திருக்கும். நம் நாட்டு அகலப் பாதையில் இந்த உயர்வு பொதுவாக 165 மில்லிமீட்டர் வரை போகலாம். இதனால் ரயில் பெட்டியே வளைவின் உட்புறமாகச் சாய்கிறது.

இந்தச் சிறிய உத்தியை 31 பாகை வரை பெரிதாக்கி, அதன்மேல் கார்களை மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓட விட்டால் என்ன ஆகும்? அதுதான் அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயம். நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒருவரும் அந்தப் பந்தயங்களில் ஓட்டியிருக்கிறார். இத்தகைய பந்தயங்களை ஒரு பருவம் முழுவதும் ரசிகராகப் பின்தொடர விரும்புவோர், எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இயற்பியல் துணைகொண்டு பார்ப்போம்.

ஸ்டாக் கார் என்பது எது?

ஸ்டாக் என்றால் இருப்பு. கடையில் விற்பனைக்கு இருப்பில் உள்ள சாதாரணக் காரையே பந்தயத்தில் ஓட்டியதால் இப்பெயர் வந்தது. இப்பந்தயங்களை ஒழுங்குபடுத்த 1948ஆம் ஆண்டில் நாஸ்கார் என்ற அமைப்பு தோன்றியது. நாளடைவில் உருவத்தில் மட்டும் கடைக் காரை ஒத்த, சுமார் 1,500 கிலோகிராம் நிறையுள்ள தனிப் பந்தயக் கார்களே ஓடலாயின. முதல்நிலைப் பிரிவில் பிப்ரவரி முதல் நவம்பர் வரை 36 பந்தயங்கள். பெரும்பாலானவை முட்டை வடிவப் பாதைகளில், இடப்பக்கம் மட்டுமே திரும்பி ஓடப்படுபவை.

நம் பக்கத்திலும் இதற்கு உறவுமுறை உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளம் ஒன்றில் 1950களிலிருந்து பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. ஃபியட், அம்பாசடர், ஹெரால்டு போன்ற அன்றாடக் கார்களை முடுக்கிவிட்டு ஓட்டியவர்களைக் காண மக்கள் திரண்டார்கள். 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 12 வளைவுகளுடன் 3.7 கிலோமீட்டர் நீளப் பந்தயப் பாதை அமைந்தது.

‘இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருக்கும் பந்தயத்தில் பார்க்க என்ன இருக்கிறது?’ என்று கேட்கத் தோன்றும். பார்க்க வேண்டியது காரை அல்ல, முதலில் பாதையை.

வளைவில் காரைத் திருப்புவது எது?

ஓடும் பொருள் நேர்கோட்டிலேயே ஓட விரும்பும் என்பது நியூட்டனின் முதல் விதி. அதை வட்டத்தில் திருப்ப, வட்டத்தின் மையத்தை நோக்கி ஒரு விசை வேண்டும். இதுவே மையநோக்கு விசை. அதன் அளவு நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கி, ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். வேகம் இரண்டு மடங்கானால் வேண்டிய விசை நான்கு மடங்காகும் என்பதை நினைவில் வையுங்கள்.

சமதளப் பாதையில் இந்த விசையைத் தருவது டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வு ஒன்றுதான். சாய்ந்த பாதையில் இன்னொரு துணை கிடைக்கிறது. தரை, காரைத் தன் பரப்புக்குச் செங்குத்தாகத் தள்ளுகிறது. பரப்பே உட்புறம் சாய்ந்திருப்பதால் அந்தத் தள்ளலின் ஒரு பகுதி மையத்தை நோக்கி அமைகிறது.

உராய்வே இல்லாவிட்டாலும் சாய்வு மட்டும் எவ்வளவு வேகத்தைத் தாங்கும்? இதோ சூத்திரம்:

வேகத்தின் வர்க்கம் = ஆரம் × புவியீர்ப்பு முடுக்கம் × சாய்கோணத்தின் டேன்ஜென்ட்

சமதளத்தில் உராய்வு மட்டும் இருந்தால், டேன்ஜென்ட் இருந்த இடத்தில் உராய்வுக் குணகத்தைப் போட்டுக்கொள்ளலாம். இந்தச் சூத்திரத்தில் காரின் நிறை எங்கே? இரு பக்கமும் வந்து நீங்கிவிட்டது. இன்ஜினின் குதிரைத்திறன் எங்கே? அது வரவே இல்லை! நேர்ப்பாதையில் வேகம் கூட்ட இன்ஜின் வேண்டும். ஆனால் வளைவில் எவ்வளவு வேகம் செல்லும் என்பதை ஆரமும் சாய்வும் உராய்வுமே தீர்மானிக்கின்றன. இன்ஜினுக்கும் ஓட்டுநரின் துணிச்சலுக்கும் அங்கே வாக்கு இல்லை.

டேட்டோனாவில் ஒரு கணக்கு

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 1959இல் திறக்கப்பட்ட டேட்டோனா பந்தயப் பாதை 4 கிலோமீட்டர் சுற்றளவு உடையது. வளைவின் ஆரம் சுமார் 305 மீட்டர். சாய்வு 31 பாகை. இதன் டேன்ஜென்ட் 0.60. டயரின் உராய்வுக் குணகத்தை 0.72 என்று கொள்வோம். காற்று காரைத் தரையோடு அழுத்துவதை இங்கே விட்டுவிடுவோம்.

சாய்வு மட்டும் இருந்து உராய்வு இல்லையெனில் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 152 கிலோமீட்டர்.

உராய்வு மட்டும் இருந்து பாதை சமதளமாக இருந்தால் சுமார் 167 கிலோமீட்டர்.

இரண்டும் சேர்ந்தால்? ஒன்றின் மேல் ஒன்று சிறிது கூடும் என்றுதான் நினைப்போம். கணக்கோ சுமார் 300 கிலோமீட்டர் என்கிறது! காரணம் இதுதான்: சாய்ந்த வளைவில் வேகமாகப் போகும் கார் தரையோடு மேலும் இறுக அழுத்தப்படுகிறது. அழுத்தம் கூடினால் உராய்வும் கூடுகிறது. சாய்வு தானும் உதவி, உராய்வையும் வளர்த்துவிடுகிறது.

டயர் கொடுக்கும் விலை

இயற்கை எதையும் இலவசமாகக் கொடுப்பதில்லை. மேற்கண்ட கணக்கில் தரைக்கும் டயர்களுக்கும் இடையே உள்ள அழுத்தம், காரின் எடையைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் ஆகிறது. 1,500 கிலோகிராம் கார், வளைவு தோறும் 3,000 கிலோகிராம் காரைப் போல டயர்களை நசுக்குகிறது என்று பொருள்.

இதை மறந்தால் நேர்வது என்ன என்பதை உலகம் 2005 ஜூன் 19 அன்று பார்த்தது. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஃபார்முலா ஒன் பந்தயம். ஃபார்முலா ஒன் பாதைகளில் சாய்ந்த வளைவுகள் அரிது. ஆனால் இங்கே முட்டை வடிவப் பாதையின் வளைவு ஒன்றும் சேர்க்கப்பட்டிருந்தது. அதன் சாய்வு 9 பாகைதான். எனினும் பயிற்சி ஓட்டத்தின்போதே அந்த வளைவின் சுமையைத் தாங்காமல் மிஷலின் டயர்கள் பழுதாயின. அந்த டயர் பூட்டிய 14 கார்களும் பந்தயம் தொடங்குமுன் விலகிக்கொண்டன. எஞ்சிய 6 கார்களே ஓடின. அவற்றுள் ஒன்றை ஓட்டி நான்காம் இடம் பெற்றவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் புள்ளிகள் அவை.

அரை மைலில் ஐந்நூறு பிரேக்

அதே நரேன் 2010 மார்ச் மாதம் நாஸ்காரின் டிரக் பிரிவில் களமிறங்கினார். பிக்-அப் டிரக் உருவில் அமைந்த ஸ்டாக் வண்டிகள் ஓடும் பிரிவு அது. முதல் பந்தயம் வர்ஜீனியா மாநிலத்தின் மார்ட்டின்ஸ்வில் பாதையில். அதில் 13ஆம் இடம் பெற்றார். அந்தப் பருவத்தில் அவர் ஓட்டியது சில பந்தயங்களே. ஆயினும் ஆண்டு இறுதியில் ரசிகர்கள் வாக்களித்து, அப்பிரிவின் மிகவும் விரும்பப்பட்ட ஓட்டுநராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மார்ட்டின்ஸ்வில் டேட்டோனாவுக்கு நேர் எதிர். ஒரு சுற்று சுமார் 846 மீட்டர். சாய்வு 12 பாகை. சுமார் 244 மீட்டர் நீளமுள்ள இரண்டு நேர்ப்பகுதிகளைக் கழித்தால் மிஞ்சுவது 358 மீட்டர். இரண்டு அரைவட்டங்கள் சேர்ந்து ஒரு முழு வட்டம் என்று கொண்டால் ஆரம் 57 மீட்டர்தான். முன்பு கொண்ட அதே உராய்வுக் குணகத்துக்கு வளைவின் உச்ச வேகம் மணிக்கு 89 கிலோமீட்டர். டேட்டோனாவில் 300, இங்கே 89!

ஆகவே இங்கே வெற்றி இன்ஜினைவிடப் பிரேக்கின் கையில் இருக்கிறது. நேர்ப்பகுதியில் 180 கிலோமீட்டரை எட்டிய வண்டி 90க்குக் குறைய வேண்டுமானால், சுமார் 14 இலட்சம் ஜூல் இயக்க ஆற்றல் வெப்பமாக வேண்டும். இது 5 லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. சுற்றுக்கு இரண்டு முறை என 250 சுற்றுகளில் 500 முறை இது நடக்கும். பிரேக் தட்டுகள் நெருப்புப் போல் சிவந்து ஒளிர்வதில் வியப்பென்ன?

ரசிகரின் நோட்டுப் புத்தகம்

பருவம் தொடங்குமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பந்தயத்துக்கும் சுற்றளவு, சாய்வு, வளைவின் ஆரம் ஆகியவற்றை எழுதுங்கள். வேகத்தைக் கணக்கிட்டு, இன்ஜினுக்கு வேலை அதிகமா, டயருக்கா, பிரேக்குக்கா என்று முன்கூட்டியே குறித்து வையுங்கள். பந்தயம் முடிந்ததும், விலகிய கார்கள் எதனால் விலகின என்பதோடு ஒப்பிடுங்கள். அப்போது முடிவுப் பட்டியல் வெறும் பெயர்களாக இராது.

புள்ளிகளையும் குறித்து வையுங்கள். நாஸ்காரில் 1975இல் வகுத்த முறைப்படி, கூடுதல் புள்ளிகள் நீங்கலாக, முதலிடத்துக்கு 175, இரண்டாமிடத்துக்கு 170, நாற்பத்து மூன்றாம் இடத்துக்கு 34. முதலுக்கும் இரண்டுக்கும் வேறுபாடு 5தான். முதலுக்கும் கடைசிக்கும் 141. ஒருமுறை மோதி விலகுவது எத்தனை வெற்றிகளை விழுங்கிவிடும் என்பது புரிகிறதல்லவா? 2003ஆம் ஆண்டில் ரயன் நியூமன் 8 பந்தயங்களில் வென்றும் ஆறாம் இடமே பெற்றார். ஒரே ஒரு பந்தயத்தில் வென்ற மாட் கென்செத், பெரும்பாலும் முன்வரிசையிலேயே முடித்து வந்ததால் சாம்பியன் ஆனார். அடுத்த ஆண்டே இந்த முறையை மாற்றினார்கள்.

இன்னொரு செய்தியையும் ரசிகர்கள் மறக்கக் கூடாது. 2001இல் டேட்டோனாவின் கடைசிச் சுற்றில், ஏழு முறை சாம்பியனான டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். அதே ஆண்டில் தலையையும் கழுத்தையும் தாங்கும் கருவி கட்டாயமானது. மறு ஆண்டிலிருந்து மோதலின் நேரத்தை நீட்டித்து விசையைக் குறைக்கும், நுரை அடைத்த எஃகுச் சுவர்கள் வரத் தொடங்கின.

நம் ஊர்ச் சாலையில்

இனி நமக்கு மிக வேண்டிய பகுதி. தொலைக்காட்சியில் பந்தயம் பார்த்துவிட்டுத் திண்டிவனம்–விழுப்புரம் நெடுஞ்சாலையிலும் அதிலிருந்து கிராமங்களுக்குப் பிரியும் சாலைகளிலும் பைக்கைப் படுக்கப் போட்டுத் திருப்பும் இளைஞர்களைப் பார்க்கிறோம். ‘பைக்கைச் சாய்த்தால் பாதை சாய்ந்தது போலத்தானே சார்?’ என்று கல்லூரிக்குப் புதிதாக வரும் மாணவர்கள் கேட்பதுண்டு.

இல்லை. பாதை சாய்ந்தால் தரையே உள்நோக்கித் தள்ளும். பைக் சாய்வது, ஓட்டுபவர் கவிழாமல் சமநிலையில் இருப்பதற்கு மட்டுமே. சமதளச் சாலையில் மையநோக்கு விசை முழுவதையும் உராய்வுதான் தர வேண்டும். சாய்வின் டேன்ஜென்ட் எவ்வளவோ அவ்வளவு உராய்வுக் குணகம் தேவை. 35 பாகை சாய்ந்தால் 0.7 வேண்டும். காய்ந்த நல்ல தார்ச்சாலை அதைத் தரலாம். மணல் படிந்த இடத்தில் 0.3 மட்டுமே கிடைக்கிறது என்று கொண்டால், 17 பாகைக்கு மேல் சாய்ந்த கணமே சக்கரம் வழுக்கும்.

மார்ட்டின்ஸ்வில்லின் அதே 57 மீட்டர் ஆரமுள்ள வளைவு ஒன்று நம் ஊர்ச் சாலையில் இருக்கிறது என்று வையுங்கள். உராய்வுக் குணகம் 0.7 என்றால் உச்ச வேகம் 71 கிலோமீட்டர். 0.3 என்றால் 47தான். நேற்று 60இல் திரும்பிய அதே வளைவில், இன்று முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டரிலிருந்து கரும்புத் தோகை சிந்தியிருக்கலாம். கதிரடிக்க உளுந்துச் செடியைப் பரப்பியிருக்கலாம். முதல் மழைத் தூறல் விழுந்திருக்கலாம். வண்டியும் அதே, ஓட்டுபவரும் அதே. மாறியது குணகம் மட்டுமே. அங்கே நுரை அடைத்த சுவர் இல்லை. இருப்பது புளியமரமும் எதிரே வரும் பேருந்தும்.

ஆகவே வேகத்தை ரசியுங்கள், அதன் கணக்கையும் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் வேகத்துக்கென்று சாய்த்துக் கட்டிய பாதையில் மட்டுமே அது நிகழட்டும்.

செய்து பாருங்கள்

அகலமான கிண்ணம் ஒன்றில் கோலிக்குண்டைப் போட்டு, கிண்ணத்தை மெதுவாகச் சுழற்றுங்கள். வேகம் கூடக்கூடக் குண்டு மேலே ஏறிச் செங்குத்தான பகுதியில் ஓடும். இதையே விளிம்பில்லாத தட்டில் செய்தால் குண்டு வெளியே ஓடிவிடும். ஏன்?

கணக்கிடுங்கள்

1. இரு தண்டவாளங்களின் மையங்களுக்கு இடையே 1,750 மில்லிமீட்டர்; வெளித் தண்டவாளத்தின் உயர்வு 165 மில்லிமீட்டர்; வளைவின் ஆரம் 500 மீட்டர். பக்கவாட்டு உரசல் இன்றி ரயில் செல்லும் வேகம் என்ன?

2. சமதளச் சாலையில் 100 மீட்டர் ஆரமுள்ள வளைவு. உராய்வுக் குணகம் 0.4. உச்ச வேகம் என்ன?

(விடைகள்: 1. மணிக்குச் சுமார் 77 கிலோமீட்டர். 2. மணிக்குச் சுமார் 71 கிலோமீட்டர்.)