டி.என்.டி. போட்டும் போன் அடிப்பது ஏன்?

கேள்வி: எங்கள் மலையில் டவர் கிடைப்பதே பெரும்பாடு. மரவள்ளி வியாபாரி கூப்பிடுவார் என்று சிக்னல் உள்ள மேட்டில் காத்திருந்தால், 'கடன் வேண்டுமா?' என்று பதிவு செய்த குரல்தான் வருகிறது. 1909-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பி டி.என்.டி. (விளம்பர அழைப்புத் தடை) போட்டுவிட்டேன். அப்படியும் நிற்கவில்லை. அடியோடு நிறுத்த வழியே இல்லையா?

- வாசகர், வெள்ளிமலை, கல்வராயன்மலை

பதில்: எல்லா அழைப்பையும் நிறுத்த முடியாது. ஆனால், நீங்கள் சொல்லும் கடன் அழைப்பை நிறுத்தலாம்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த விதிகளின்படி, பதிவுபெற்ற விளம்பர நிறுவனங்கள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்துதான் அழைக்க வேண்டும். டி.என்.டி. தடுப்பது இவற்றைத்தான்.

தடைக்குள் வராதவையும் உண்டு. நீங்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கி, அந்தக் கணக்கு தொடர்பாக அழைக்கலாம். இதற்கென 1600 வரிசை எண்கள் உள்ளன. அரசுத் தகவல்களும் வரும். கடையில் பில் போடும்போதோ, ஆப் ஏற்றும்போதோ நீங்கள் சம்மதம் கொடுத்திருந்தால் அந்த நிறுவனமும் அழைக்கலாம். அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. தேர்தல் நேரத்தில் தலைவர்கள் குரலில் வரும் அழைப்பு பொருளையோ சேவையையோ விற்பதில்லை. அதனால் இந்த விதிகள் அதைத் தொடுவதில்லை. அதற்குத் தேர்தல் ஆணையத்தின் முன்அனுமதி வேண்டும், அவ்வளவுதான்.

உங்களுக்கு வரும் கடன் அழைப்பு சாதாரண 10 இலக்க எண்ணிலிருந்து வந்தால், அது விலக்கு அல்ல, விதிமீறல். பதிவே செய்யாமல் அழைப்பவரை டி.என்.டி. தடுக்காது, புகார்தான் பிடிக்கும். அழைப்பு வந்த 7 நாட்களுக்குள் அதே போனிலிருந்து 1909-ஐக் கூப்பிட்டு எண், தேதி, என்ன சொன்னார்கள் என்பதைத் தெரிவியுங்கள். பட்டன் போனே போதும். இந்த விதிகளின் 2025 பிப்ரவரித் திருத்தப்படி, 10 நாட்களில் 5 புகார் சேர்ந்தாலே அந்த எண்மீது நடவடிக்கை தொடங்க வேண்டும், டி.என்.டி. பதியாதவர்கூடப் புகார் தரலாம்.

ஓ.டி.பி. கேட்டாலோ, முன்பணம் கட்டச் சொன்னாலோ அது மோசடி. மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தின் 'சக்ஷு' பகுதியில் தெரிவிக்கலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

எரிச்சலில் கட் செய்துவிட்டால், நாளை அதே குரல் பக்கத்து ஊர்க்காரரை அழைக்கும். இரண்டு நிமிடம் ஒதுக்கிப் புகார் கொடுங்கள். ஊரில் அதே அழைப்பு வந்த இன்னும் நான்கு பேரையும் கொடுக்கச் சொல்லுங்கள்.