கதிரடிக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

அறுவடைக் காலத்தில் திருவண்ணாமலைப் பக்கம் நெல்லுக்கும் மல்லாட்டைக்கும் மெஷின் ஓடாத ஊர் இல்லை. நீ லுங்கியோடு அதன் அருகே நிற்கிறாய். பெல்ட்டோ டிராக்டர் ஷாஃப்டோ துணியைப் பிடித்தால், கண் இமைப்பதற்குள் இழுத்துவிடும். பெரும்பாலும் ஆணுறுப்பின் தோல் உரியும்; சில சமயம் உறுப்பே துண்டாகும். துண்டான விரலை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற நாம், இதை மட்டும் வெட்கத்தில் மறைத்து நேரத்தைத் தொலைக்கிறோம். அந்த வெட்கத்தின் மேல்தான் எனக்குக் கோபம்.

அப்படி நடந்துவிட்டால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடி. துண்டானதை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டு. அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வை. ஐஸ் நேராகப் பட்டால் சதை செத்துவிடும். மஞ்சளோ டெட்டாலோ வைக்காதே. குளிர்ச்சி இல்லாவிட்டால் ஏறக்குறைய 6 மணி நேரம்தான் கணக்கு. குளிர்ச்சியில் இருந்தால் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். உடனே 108-ஐக் கூப்பிடு. பௌர்ணமி இரவென்றால் கிரிவலக் கூட்டத்தில் வண்டி ஊர்ந்துதான் வரும். ஒரு நிமிடமும் தாமதிக்காதே. இங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ரத்தத்தை நிறுத்தச் சொல். மைக்ரோ சர்ஜரி செய்யும் இடத்துக்கு அவர்களையே போன் பண்ணச் சொல்.

துண்டான ஆணுறுப்பை, ரத்தக் குழாய்களைத் தைக்காமலே ஒட்டவைத்த சிகிச்சை 1929-லேயே பதிவாகியிருக்கிறது. 1977-இல் அமெரிக்க, ஜப்பானிய மருத்துவர்கள் நுண்ணோக்கியின் கீழ் தமனி, சிரை, நரம்பு எல்லாவற்றையும் தைத்த விவரத்தை வெளியிட்டார்கள். அப்படித் தைக்கும் நூல் முடியைவிட மெல்லியது. சிறுநீர்த் தாரையையும் டியூப் வைத்துத் தைப்பார்கள்.

முதல் சில நாட்கள் உறுப்பு வீங்கிக் கறுக்கலாம். தேங்கிய ரத்தத்தை இழுக்க அட்டைப்பூச்சி விடுவதும் உண்டு. மேல்தோல் கருகினால் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டுவார்கள். நரம்பு நாளுக்கு 1 மில்லிமீட்டர்தான் வளரும். அதனால் உணர்ச்சி வர மாதக்கணக்காகும். விறைப்பும் பலருக்குத் திரும்புகிறது. பின்னாளில் சிறுநீர் மெலிந்து வந்தால், தாரை சுருங்கியிருக்கலாம், டாக்டரிடம் சொல். பீடியைத் தொடாதே, ரத்தக் குழாய் சுருங்கும்.

மனநோய் முற்றித் தன் உறுப்பைத் தானே அறுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அப்படிப்பட்டவனை, 'இவனுக்கு எதற்கு' என்று கைவிடாதீர்கள். மனம் தெளிந்தபின் அவன் அந்த உடம்போடுதானே வாழ வேண்டும்? தையலோடு மனநல மருத்துவரும் அவனுக்கு வேண்டும்.

இதை மனைவிக்கும் படித்துக் காட்டு. நாளைக்குக் களத்துக்குப் பேண்ட் போட்டுக்கொண்டு போ. மெஷின்காரரிடம் ஷாஃப்டுக்கு மூடி போடச் சொல்.

அன்புடன்,
உன் அண்ணன்